வெயில் படக்கூடாதது

முப்பத்தாறு வயதில் முகப்பரு வந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? பதினாறில் வந்திருந்தால் வயசுக் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தமிழ் டீச்சருக்குப் பதினாறில் வர மறந்தது, இப்போது வட்டியும் முதலுமாகத் தாடையோரம் வரிசை கட்டி வந்தது. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே பாதிப் பாடத்தை ஓட்டிவிடுவார். வீட்டில் அதற்கும் வழியில்லை. கணவரின் தங்கை வரும்போதெல்லாம் அவர் தாடையை உற்றுப் பார்த்து, "என்ன அண்ணி, இந்த வாரம் புதுசா யாரு குடி வந்திருக்காங்க?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். டீச்சரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், உள்ளே புழுங்கிக்கொண்டு.

கடைசியில் ஒருவருக்கும் சொல்லாமல் தோல் டாக்டரிடம் போனார். போன நேரம் அப்படி, வெளியே காத்திருந்தவர்களில் ஒருத்தி அவருடைய மாணவியின் அம்மா. கதவு வேறு சரியாகச் சாத்தவில்லை. டாக்டரம்மா பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார், ஆனால் குரலைக் குறைக்கவில்லை.

"பருவுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை தரேன். குழந்தை எதிர்பார்க்கறீங்களா? இல்லையா, சரி. சாப்பிட்டுட்டு, ஒரு டம்ளர் நிறைய தண்ணியோட முழுங்குங்க. முழுங்கின உடனே படுத்துடாதீங்க, உணவுக்குழாய் புண்ணாயிடும். கூடவே தடவ ஒரு களிம்பு. வெயில் படாம பாத்துக்குங்க. நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா நீட்டிக்கவும் கூடாது. மூணு மாசம் கழிச்சு வாங்க, பாக்கலாம்."

பரு என்ற சொல் கதவிடுக்கு வழியாக வெளியே நடந்து போவது டீச்சருக்குக் கண்ணுக்கே தெரிந்தது. மானம் போகிற அவசரத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மருந்துச் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடி வந்தார்.

வீட்டில் மாத்திரை அட்டைகளைக் கறுப்புத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, அலமாரியில் துணிமணிகளுக்கு அடியில் வைத்தார். வெயில் என்ன, டியூப் லைட் வெளிச்சம்கூட அவற்றைத் தொடவில்லை. டீச்சரும் ஒன்றும் வெயிலில் அலைகிறவர் இல்லை. வாசலில் பள்ளிப் பேருந்து, பிறகு வகுப்பறை, மறுபடியும் பேருந்து. இரண்டு மாதம் போவதற்குள் முகம் தெளிந்துவிட்டது.

அதை முதலில் கவனித்தவள் நாத்தனார்தான். அவளுக்கும் நெற்றியிலும் கன்னத்திலும் பரு உண்டு. ஊரைக் கிண்டல் செய்கிறவளை யார் திருப்பிக் கிண்டல் செய்வது, அதனால் யாரும் அதைப் பேசியதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பெண்கள் நிறையப் பேர் அவளுக்காகவே வந்து சேர்ந்ததில் முதலாளிக்கு வாயெல்லாம் பல். புதுப் பெயர்ப்பலகையில் அவள் படத்தையே பெரிதாகப் போடப் போவதாகச் சொல்லியிருந்தார். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, சத்தியமா கிண்டல் இல்ல. அடுத்த மாசம் போட்டோ எடுக்கறாங்க. நீங்க என்ன பண்ணினீங்க, சொல்லுங்க."

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டாக்டரைப் போய்ப் பார் என்று சொல்லத்தான் முதலில் வாயைத் திறந்தார். ஆனால் எந்த டாக்டர், எப்போது போனீர்கள் என்று பேச்சு வளர்ந்தால் விஷயம் வீடெங்கும் பரவிவிடும். அதோடு, இத்தனை காலம் தன்னைச் சிரிக்க வைத்தே அழ வைத்தவள் இப்படிக் கெஞ்சி நிற்பது சுகமாகவும் இருந்தது. தன் முகம்தான் தெளிந்துவிட்டதே என்று, மிச்சமிருந்த மாத்திரைகளில் பாதியை எடுத்துக் கொடுத்தார்.

"சாப்பிட்டப்புறம் நிறைய தண்ணியோட போடு. இதுல வெயிலே படக்கூடாது, அதுதான் முக்கியம். யார்கிட்டயும் மூச்சு விடாத."

"உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் அண்ணி."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள். மாத்திரையைக் கறுப்பு சாக்ஸுக்குள் போட்டு, கார் இருக்கைக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னலை இறக்கி, கையை அதன்மேல் சாய்த்துக்கொண்டு, உச்சி வெயிலில் ஊரைச் சுற்றிச் சுற்றிப் பாடம் நடத்தினாள். சில நாளில் ஜன்னல் பக்கத்துக் கன்னமும் கையும் கொதிநீர் கொட்டினாற்போல் சிவந்து கொப்புளம் கண்டன. மற்றப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. மாமியார் சோப்பைத் திட்டினார். கணவர், "நீ கூடப் போயிட்டு வா" என்று டீச்சரையே அனுப்பினார். போக வேண்டிய இடம் அதே டாக்டர்.

இந்த முறை கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று நாத்தனாரைக் கேட்டார் டாக்டரம்மா.

"இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மருந்து எதுவும் இல்லன்னா இது வேற பெரிய வியாதியாக்கூட இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

"எடுத்துக்குங்க டாக்டர்" என்று நாத்தனார் கையை நீட்டினாள். பதற்றத்தில் கொப்புளம் வந்த கையையே நீட்டிவிட்டாள். டீச்சரால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"நான்தான் குடுத்தேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "எனக்கு நீங்க எழுதின மாத்திரைய."

டாக்டரம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டார். "வெயில் படக்கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேனே?"

"படவே இல்ல டாக்டர். துணியில சுத்தி, டப்பாவுல போட்டு... இவளும் சாக்ஸுக்குள்ள வச்சுத்தான்..."

டாக்டரம்மாவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "மாத்திரை மேல இல்லம்மா! உங்க மேல! அதைச் சாப்பிடறவங்க தோல் வெயில் தாங்காது."

நாத்தனார் பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்ததும் தோல் இழுத்து, ஆவென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்க தமிழ் டீச்சர்!"

வாக்கியத்தில் ஒரு சொல் தொக்கி நின்றால் எதன்மேல், யாருக்கு என்று கேட்டு அதை வெளியே கொண்டுவர வேண்டும் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவர்தான் இவர். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதை விடுங்க. குழந்தை எதிர்பார்க்கறீங்களான்னு உங்களை நான் கேட்டேன். இவங்களை யாரு கேட்டா? எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு யாரு கேட்டா? நீங்க பாதி, இவங்க பாதி. ரெண்டு பேருக்கும் வைத்தியம் ஆகல, கிருமிக்கு மட்டும் மருந்தைத் தாங்கிக்க நல்லா பயிற்சி ஆயிருக்கும்." பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, "அப்படி ஏதும் இல்லையே?" என்றார்.

இல்லை என்று அவள் தலையசைக்கும்வரை டீச்சருக்கு மூச்சு நின்றிருந்தது.

மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. புண் ஆறிவிடும், ஆனால் கறுப்புத் தழும்பு மறையச் சில மாதமாவது ஆகும் என்றார். காருக்கு வந்ததும் நாத்தனார் முதலாளிக்கு போன் செய்தாள். "போர்டுல வேற யாரையாவது போட்டுக்குங்க சார். எனக்கு இப்போ பாதி மூஞ்சிதான் இருக்கு." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பைக் காணோம்.

"வீட்டுல எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்" என்றார் டீச்சர்.

"சொன்னா சொல்லுங்க. மாத்திரைக்காக எனக்குக் கோவம் இல்ல அண்ணி. நானும்தானே கேட்டு வாங்கினேன்." அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுக்காமல் இருந்தாள். "உள்ள டாக்டர் கேட்டப்போ நான் 'இல்ல'ன்னு சொன்னேன் பாருங்க, அப்போ உங்களைப் பாத்தேன். அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டீங்க."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். அந்தச் சிவந்த கன்னம் தன் பக்கம் திரும்பியிருந்தது.

"ஆமா" என்றார்.