அல்பேர்ட்டின் கார்பைன்

சுடும் கழகத்து முதியவர் அல்பேர்ட் தன் கார்பைனை, அந்தக் குட்டைக் குழல் துப்பாக்கியை, பச்சைத் துணி விரித்த மேசையில் வைத்துவிட்டு, "தூக்கிப் பார்" என்றார்.

தோளில் வைத்த கணமே கஜந்திக்குத் தெரிந்துவிட்டது. கழகத்தின் பொதுத் துப்பாக்கியோடு அவள் இத்தனை காலமும் மல்லுக்கட்டி வந்தாள். அதன் கட்டை ஆறடி ஆண்களுக்கு அளவானது. கழுத்தை நீட்டி, தோளைக் குறுக்கித்தான் அவள் சுடவேண்டும். இது அப்படியில்லை. கன்னம் தானாகப் போய்க் கட்டையில் படிந்தது. குழல் நுனியிலிருந்த குறி கண்ணுக்கு நேரே வந்து நின்றது. கைப்பிடிக்குக் கீழே இருந்த லீவரைத் தள்ளி இழுத்தாள். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் போல வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

"பெரிய பெயரெடுத்த சாமான் இல்லை" என்றார் அல்பேர்ட். "ஆனால் நேராகச் சுடும். என் கண் இனி இதற்கு உதவாது. கடையில் புதிதாக வாங்கினால் இதைப்போல இரண்டு மடங்கு கேட்பார்கள். பக்கத்து ஊர் ஸோஸ்டிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். உனக்குத்தான் கொடுக்க விருப்பம். அடுத்த சனிக்கிழமை பதில் சொல்லு."

அவள் கார்பைனை மனமில்லாமல் மேசையில் வைத்தாள்.

"வீட்டில் சம்மதம்தானே?" என்று கேட்டார் அவர்.

"சம்மதம்தான்" என்றாள் கஜந்தி. வீட்டில் அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

ஜேர்மனியில் ஹம் நகரத்து முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவள் கஜந்தி. பகல் முழுவதும் ஆட்களைத் தூக்குவதும் புரட்டுவதும் குளிப்பாட்டுவதுமாகப் போகும். கூட வேலை செய்யும் ஒருத்தி ஒருநாள் வலுக்கட்டாயமாக இந்தக் கழகத்துக்குக் கூட்டிவந்தாள். வந்த இடத்தில் கஜந்தி மாட்டிக்கொண்டாள். மூச்சை வெளியே விட்டு, பாதியில் நிறுத்தி, தூரத்தில் தெரியும் கறுப்பு வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தச் சில கணங்களில் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. யாருக்கும் எதுவும் செய்யவேண்டியதில்லை. அதற்காகவே பயிற்சி, பரீட்சை, பொலிஸ் விசாரணை என்று எல்லாவற்றையும் தாண்டி, சொந்தத் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி தரும் மஞ்சள் அட்டையையும் எடுத்துவிட்டாள். இலையுதிர்காலத்தில் மாவட்டப் போட்டி. லீவர்த் துப்பாக்கிக்கு அங்கே தனிப்பிரிவு உண்டு.

டோர்ட்மண்டில் இருக்கும் அக்கா ரஞ்சினியிடம் போனில் சொன்னபோது அவள் கத்தினாள். "உனக்கென்ன விசரோ? ஏழு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில துவக்கோ?"

"இரும்பு லொக்கர் வாங்கி நிலவறைச் சுவரில பூட்டுவன், அக்கா. நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். ரவை வேறயாப் பூட்டியிருக்கும். சட்டமே அப்பிடித்தான். கம்சனாவால அதைத் தொடக்கூட ஏலாது."

பிள்ளையைப் பற்றி யார் கேட்டாலும் கஜந்தியிடம் பதில் தயாராக இருந்தது. யூட்சனைப் பற்றி அக்கா கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. கேட்பதற்கு யாருக்கும் எதுவும் தெரியாது.

யூட்சன் அவளுடைய கணவன். முல்லைத்தீவுக்காரன். யுத்தத்தின் கடைசி வருடத்தில், பதினாறு வயதில், அவனை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டுபோய்க் கையில் துவக்கைக் கொடுத்தார்கள். சில மாதங்கள்தான். கலியாணத்துக்கு முன்பே அவளிடம் அதைச் சொல்லிவிட்டான். அதற்குமேல் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இங்கே வந்து ஒரு தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டுகிறான். பிள்ளைக்குத் தலைபின்னக்கூட அவனுக்குத் தெரியும். நல்ல மனிதன்.

போன வருடத்துக்கு முந்தின வருட மாரிக்காலத்தில் அவன் நித்திரை கொள்வதை நிறுத்தினான். பிறகு சாப்பாடு குறைந்தது. ஒருநாள் மத்தியானம் தொழிற்சாலையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது: உங்கள் கணவர் வேலைக்கு வரவில்லையே? அவனுடைய போன் வீட்டுக் குசினி மேசையில் கிடந்தது. வேலை உடுப்போடு காரை எடுத்துக்கொண்டு அலைந்தாள். லிப்பே ஆற்றங்கரையில், கோட்டு இல்லாமல், தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தான். அவள் போய்க் கையைப் பிடித்ததும் சொன்னான்: "நீர் வராட்டி நான் என்ன செய்திருப்பன் எண்டு எனக்குத் தெரியாது."

ஆறு கிழமை அவன் மனநல மருத்துவமனையில் இருந்தான். சொந்தக்காரருக்கு முதுகு வருத்தம் என்று சொன்னார்கள். பிறகு குளிசை, மாதம் ஒருமுறை டொக்டரைப் பார்க்கும் டெர்மின் என்று மெல்ல மெல்ல எழும்பி, வேலைக்கும் போகத் தொடங்கினான். அந்த நாளைப் பற்றி இருவரும் பிறகு பேசவேயில்லை.

ஞாயிறு காலை, அவன் தோசைக்கல்லின் முன்னால் நின்றபோது கஜந்தி கார்பைனைப் பற்றிச் சொன்னாள். அவன் மறுப்பான் என்று எதிர்பார்த்தாள். ஒருவேளை மறுக்கவேண்டும் என்றும் எதிர்பார்த்தாள்.

தோசையைத் திருப்பிப் போட்டான். "நல்ல விலையோ?"

"நல்ல மலிவு."

"அப்ப வாங்கும்."

"உங்களுக்குப் பிரச்சினை இல்லையோ?"

"எனக்கென்ன பிரச்சினை? நீர் சுடுறனீர். உமக்கு ஒண்டு வேணும்தானே." தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, "சனிக்கிழமை நானும் வாறன். பாப்பம் எப்பிடிச் சாமானெண்டு" என்றான்.

இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடக் கழகத்துப் பக்கம் வராதவன். கஜந்திக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வாரம் முழுவதும் அவளுக்கு வேலையில் கவனம் ஓடவில்லை. நிலவறைச் சுவரை அளந்தாள். இணையத்தில் லொக்கர்களைப் பார்த்தாள். பூட்டு எவ்வளவு தடிப்பு, எந்தச் சாவி, எந்த நம்பர் என்று பார்த்துக்கொண்டே போனவள், தான் பூட்டைத் தேடுவது கம்சனாவுக்காக இல்லை என்பதை உணர்ந்து கணினியை மூடினாள்.

சனிக்கிழமை பிள்ளையைச் சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கழகத்துக்குப் போனார்கள். அல்பேர்ட் யூட்சனின் கையைக் குலுக்கி, பெரிய மனிதர்களுக்குச் செய்வதுபோல வரவேற்றார். சுட்டுப் பார்க்கிறாயா என்று கேட்டார். யூட்சன் தலையாட்டி மறுத்தான். "கையில் மட்டும் வைத்துப் பார்க்கலாமா?"

அல்பேர்ட் கார்பைனைத் திறந்து, உள்ளே ரவை இல்லை என்று காட்டிவிட்டு நீட்டினார்.

யூட்சன் அதை வாங்கிய விதத்தைக் கஜந்தி பார்த்தாள். புதியவர்கள் துப்பாக்கியை வாங்கும்போது அதன் பாரம் அவர்களை ஒரு கணம் தடுமாற வைக்கும். அவன் தடுமாறவில்லை. இடது கை தானே போய் நடுவில் பிடித்தது. லீவரை மூடினான். குழலை நிலத்தை நோக்கிச் சரித்துப் பிடித்தபடி நின்றான். முகத்தில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வடிந்து போனது. பக்கத்து அறையில் யாரோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் கஜந்தியின் தோள் துள்ளியது. அவன் கண்கூட இமைக்கவில்லை.

"யூட்சன்" என்றாள்.

அவனுக்குக் கேட்கவில்லை.

"இஞ்சருங்கோ!"

அல்பேர்ட் அவளைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். மெல்ல முன்னுக்கு வந்து இரண்டு கையையும் நீட்டினார். யூட்சன் நித்திரையிலிருந்து எழுந்தவன்போலக் கார்பைனைக் கொடுத்தான். சிரித்தான்.

"நல்ல சாமான்" என்றான் கஜந்தியிடம். "வாங்கும்."

"நான் பின்னேரம் போன் எடுக்கிறேன்" என்று அல்பேர்ட்டிடம் சொல்லிவிட்டு அவள் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கார் ஓடத் தொடங்கியதும் அவன் கலகலப்பாகப் பேச ஆரம்பித்தான். தொழிற்சாலைக் கதை, கம்சனாவின் ஆசிரியையின் கதை. பிறகு, ஏதோ நினைவு வந்ததுபோல, "லொக்கரை நிலவறையிலயோ வைக்கப் போறீர்?" என்றான்.

"ஓம்."

"என்ன நம்பர் போடுவீர்? பிள்ளையின்ர பிறந்தநாளோ?" என்று கேட்டுச் சிரித்தான்.

கஜந்தி வேகத்தைக் குறைத்தாள். வலது பக்கத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட் வந்தது. சிக்னல்கூடப் போடாமல் அதன் வாகனத் தரிப்பிடத்துக்குள் திருப்பி, கிடைத்த இடத்தில் நிறுத்தினாள். முதியோர் இல்லத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: ஒருவர் சாக நினைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காதே, நேரே கேள், கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் வந்துவிடாது. யார் யாரிடமோ அவள் கேட்டிருக்கிறாள். கட்டிலருகே குந்தியிருந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். சொந்தப் புருசனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"உங்களிட்ட ஒண்டு கேக்கப்போறன். உண்மை சொல்லோணும்."

"என்ன?"

"வீட்டில துவக்கு இருந்தால், அதால உங்களை நீங்களே ஏதும் செய்வீங்களோ?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் தண்ணீர்ப் போத்தல்களைக் காருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னை விசரன் எண்டோ நினைக்கிறீர்?"

"இல்லை. கேக்கிறன்."

"ஆசுபத்திரிக்குப் போய்வந்தவன் எண்டால் சாகும்வரைக்கும் விசரன்தானே, என்ன? நீர் துவக்கு வாங்கிறதுக்கு நான் ஓமெண்டன். அதிலயும் பிழை!" கதவைத் திறந்து இறங்கினான். அடித்துச் சாத்திவிட்டு நடந்தான்.

அவள் ஒரு கணம் அப்படியே இருந்தாள். கோபமாகப் போகிறவனைப் பின்னால் துரத்தினால் இன்னும் கோபப்படுவான். விட்டால்? லிப்பே அங்கிருந்து நடக்கிற தூரம்தான். சாவியைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினாள். தள்ளுவண்டிகள் வரிசையாகக் கோத்து நிற்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். ஒரு வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தான்.

அவள் தொடவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

அவன் வண்டியைப் பார்த்தபடி சொன்னான். "ஈஸ்டருக்குப் பிறகு நான் டொக்டரிட்டப் போகேல்லை. குளிசையும் விட்டிட்டன். சுகம்தானே எண்டு விட்டனான். இப்ப திரும்பவும் நித்திரை இல்லை. உமக்குத் தெரியக்கூடாதெண்டு கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"திரும்பவும் எப்பிடிச் சொல்லுறது?" மூச்சை இழுத்தான். "அதைக் கையில எடுத்த உடன எல்லாச் சத்தமும் நிண்டுட்டுது, கஜந்தி. மண்டைக்குள்ள இருக்கிற எல்லாம். நிம்மதியா இருந்தது. அவ்வளவு நிம்மதி. அதுதான் எனக்குப் பயமாக்கிடக்கு."

"அப்ப ஏன் வாங்கச் சொன்னீங்கள்?"

"நீர் உமக்கெண்டு ஆசைப்பட்டு ஒண்டும் கேட்டதில்லை. வேண்டாம் எண்டால் ஏனெண்டு கேப்பீர். சொல்லவேண்டி வந்திடும்." பிறகு, மிக மெல்ல: "நீர் கேட்டதுக்கு எனக்கு மறுமொழி தெரியாது. செய்யமாட்டன் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. கொண்டுவராதேயும்."

தள்ளுவண்டி எடுக்க வந்த ஒரு மனிதர் இருவரையும் பார்த்துத் தயங்கினார். அவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

காருக்குத் திரும்பியதும் கஜந்தி முதலில் மருத்துவமனைக்குப் போன் எடுத்தாள். யூட்சன் பக்கத்தில் இருந்தான், தடுக்கவில்லை. சனிக்கிழமையானாலும் அவசரப் பிரிவில் டொக்டர் இருக்கிறார், உடனே வாருங்கள் என்றார்கள். பிறகு சிநேகிதியிடம், கம்சனா இரவும் அங்கேயே நிற்கட்டும் என்றாள். கடைசியாக அல்பேர்ட்டுக்கு எடுத்தாள்.

"நான் வாங்கவில்லை" என்றாள்.

"விலையைக் கொஞ்சம் குறைக்கலாம்..."

"விலை இல்லை, அல்பேர்ட். எங்கள் வீட்டில் இப்போது துப்பாக்கி இருக்கக்கூடாது. வீட்டில் சம்மதம் என்று அன்றைக்குச் சொன்னது பொய்."

"அவன் நின்ற விதத்தைப் பார்த்தேன்" என்றார். "இன்றைக்கு நீ வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தாலும், உன்னிடம் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அவனோடு இரு."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை மட்டுமில்லை அது. அந்தக் கட்டையில் கன்னம் படிந்த சுகத்தை நினைத்தும் அழுதாள். ஒரு பொருளுக்காக இப்போது அழுகிறேனே என்ற வெட்கத்திலும் அழுதாள். யூட்சன் அவளுடைய கைப்பையைத் துழாவி ஒரு கடதாசிக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான். "மன்னிச்சுக்கொள்ளும்" என்றான். "அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றாள் அவள், கொஞ்சம் கோபமாகவே.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தாதி அவனுடைய பெயரைக் கூப்பிட்டபோது அவன் எழும்பினான். கதவுவரை போய்விட்டுத் திரும்பி, "நீரும் வாரும். நான் சொல்லாமல் விடுறதை நீர் சொல்லும்" என்றான். அவளும் உள்ளே போனாள்.

இந்தமுறை அவன் பத்து நாள் அங்கே தங்கினான். ரஞ்சினி அக்காவிடம் கஜந்தி முதுகு வருத்தம் என்று சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அக்கா கத்தாமல் கேட்டுவிட்டு, அடுத்த ரயிலிலேயே சாப்பாட்டுப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். கார்பைன் ஸோஸ்ட்காரரிடம் போய்விட்டது.

இலையுதிர்காலப் போட்டியில் கஜந்தி கழகத்தின் நீளக்கட்டைத் துப்பாக்கியோடுதான் நின்றாள். ஒன்பதாவதாக வந்தாள். தோள் நொந்தது. வீட்டுக்கு வந்தபோது யூட்சன் சோபாவில், வாயைத் திறந்துகொண்டு, பட்டப்பகலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கம்சனா வாயில் விரலை வைத்து அம்மாவுக்குச் சைகை காட்டினாள். கஜந்தி சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.