லாயாங் லாயாங்கில் ஒரு தாய்வீடு

என் மாமியார் அங்கம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் நான் இந்த நாட்டை விட்டே போக வேண்டிய நிலை வந்தது.

நான் பட்டுக்கோட்டைக்காரி. போன தை மாதம் மலேசியாவில், கூலாயில் ஒரு முருகன் கோயிலில் திருச்செல்வத்துக்குக் கழுத்தை நீட்டினேன். அவர் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கெலாங் பாத்தா வழியாகப் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர். இருட்டிய பிறகுதான் முகம் பார்க்கலாம். மலேசியக்காரரின் மனைவி என்று எனக்கு முதலில் ஒரு தற்காலிக விசா கொடுத்தார்கள். அது ஆடிக் கடைசியில் முடிகிறது. நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்தபோது, நிஜமாகவே சேர்ந்துதான் வாழ்கிறீர்களா என்று வீட்டுக்கு ஆள் வந்து பார்க்கலாம் என்றார்கள். பார்க்கட்டுமே என்றிருந்தேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

நடுவில் ஆடி வந்து தொலைத்தது.

தலை ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்று என் மாமியார் ஆணித்தரமாக நம்பினார். என் தாய்வீடோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முடிவு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போகாதே என்று இமிகிரேசன் கவுன்டரில் சொல்லியிருக்கிறார்கள். இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் விடுகிற ஆளா!

"அம்மா வீட்டுக்குப் போக முடியலன்னா என்னா? பெரியம்மா வீடு இருக்குல்ல?" என்றார்.

அவர் சொன்ன பெரியம்மா, லாயாங் லாயாங் என்ற ஊரில் தனியாக இருக்கும் செல்லம். செத்துப்போன என் மாமனாரின் அக்கா. என் கணவருக்கு அத்தை என்றால் எனக்குப் பெரியம்மா முறை. பெரியம்மா என்றால் அம்மா மாதிரி. ஆகவே அது தாய்வீடு. கணக்கு எவ்வளவு சுத்தமாக வருகிறது பாருங்கள்! ஊரில் என் அம்மாவிடம் போனில் சொன்னபோது அவளும் "சரியான முறைதானே" என்றாள். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் முதல் வருஷமே சண்டை எதற்கு என்று துணிமணி, சீப்பு, செருப்பு எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனேன். ஒரு பொருள்கூட வீட்டில் தங்கக் கூடாதாம்.

பெரியம்மா கலகலப்பானவர். எழுபது தாண்டியும் தன் பழைய மைவி காரைத் தானே ஓட்டுகிறார். வாய் ஓயாமல் ரப்பர் தோட்டத்துக் கதை சொல்வார். "ஒன் மாமியா பொறந்தப்ப நான்தான் சுடுதண்ணி தூக்கிட்டு ஓடுனேன், தெரியுமா? பக்கத்து லயத்து வீடுதான். மழன்னா மழ, அப்படி ஒரு மழ. மருத்துவச்சி கெழவி என்னை ஏசிக்கிட்டே இருந்தா" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே பயற்றங்காய் நறுக்கினேன். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் திருச்செல்வம் வேலையிடத்திலிருந்து போன் செய்தார். குரலே சரியில்லை.

"வாசுகி, வீட்டுக்கு இமிகிரேசன்ல இருந்து ஆள் வந்துட்டாங்க. அம்மா மட்டும்தான் இருந்தாங்க. நீ அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லியிருக்காங்க."

"உண்மைதானே?"

"உன் அம்மா பட்டுக்கோட்டையிலன்னு விண்ணப்பப் பாரத்துல எழுதியிருக்கு. ஆனா நீ நாட்டை விட்டுப் போன பதிவு இல்ல. அலமாரியத் திறந்து பாத்திருக்காங்க, உன் துணி ஒன்னுகூட இல்ல. வேற எங்கயோ வேலை செய்றே, கல்யாணம் சும்மா பேப்பருக்குன்னு நெனைக்கிறாங்க. வியாழக்கிழமை ரெண்டு பேரும் நேர்ல போய் விளக்கம் சொல்லணும். சரியில்லன்னா நீட்டிப்பு கெடையாது. நீ ஊருக்குப் போயிடணும்."

எனக்கு முதலில் அழுகை வந்தது. அது நின்றதும் கோபம் வந்தது, அது நிற்கவில்லை. என் கழுத்துல ஏறின தாலி பேப்பர் தாலியா? போனால் எப்போது திரும்பி வர முடியும் என்று யாருக்குத் தெரியும்? புருஷனைப் பார்க்கவே ராத்திரி ஆகிற வாழ்க்கையில், அந்த ராத்திரியும் இல்லாமல் போகுமா? போக மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். "பெரியம்மா, காரை எடுங்க" என்றேன்.

கூலாயில் கேட்டுக்கு வெளியே கார் நிற்கும்போதே என் மாமியார் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"அங்கயே நில்லு! ஆடி முடியல. படி ஏறாத."

"அத்தை, வந்தவங்ககிட்ட என்னதான் சொன்னீங்க?"

"உள்ளதத்தான் சொன்னேன். மருமக அம்மா வீட்டுக்குப் போயிட்டா, வர ஒரு மாசம் ஆவும்னேன். துணி எங்கன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான்னேன். குடிக்கத் தண்ணிகூட கொடுத்தேன் லா. இதுல என்னா தப்பு?"

ஒரு தப்பும் இல்லைதான். இந்தத் தெருவில் எந்தத் தமிழ் வீட்டில் போய்ச் சொல்லியிருந்தாலும், ஓ, தலை ஆடியா என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

"வியாழக்கிழமை நீங்களும் வரணும், அத்தை. அனுப்பினது நீங்கதான். நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

துடைப்பம் கீழே இறங்கியது. "நான் வரல."

காரணம் எனக்குத் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் மாமியாரிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இங்கே தங்கலாம், சாகலாம், ஆனால் குடிமகள் இல்லை. பிறந்தது லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில். ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டியது அங்கே, கல்யாணம் கட்டியதும் அங்கே. அவர் பிறந்ததை மட்டும் யாரும் பதியவில்லை. என் மாமனாருக்கும் என் கணவருக்கும் குடிமக்களின் நீல அட்டை. இவர் எத்தனையோ முறை எழுதிப் போட்டுப் பார்த்து, கடைசியில் அரசாங்க அலுவலகம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

"போன தடவ கவுன்டர்ல ஒரு சின்னப் பொண்ணு, நீங்க பொறந்ததுக்கு யாரு சாட்சின்னு கேக்குது. நான் அது முன்னாடி நிக்கிறேன். பொறக்காமலா வந்து நிக்கிறேன்?" என்றார். "ஒங்க மாமா செத்தப்பவே முடிவு பண்ணிட்டேன். இனிமே எந்த ஆபிஸ் படியையும் மிதிக்க மாட்டேன்."

வேறு ஒருநாளாக இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சரி, வராதீங்க. நான் பிளேன் ஏறிடறேன். அப்புறம் ஆடிக்கு மட்டும் இல்ல, பன்னிரண்டு மாசமும் நான் தாய்வீட்டுலதான் இருப்பேன். உங்களுக்குச் சித்திரையிலயும் பேரப்பிள்ளை வராது, ஐப்பசியிலயும் வராது. நிம்மதியா இருங்க."

பெரியம்மா காருக்குள்ளிருந்து "அலமாக்!" என்று வாயில் கை வைத்தார்.

என் மாமியார் என்னை உற்றுப் பார்த்தார். அறைவார் என்றுகூட நினைத்தேன். "வாயி பெருசு ஒனக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றும் நான் லாயாங் லாயாங்குக்குத்தான் திரும்பினேன்.

வியாழக்கிழமை காலை பெரியம்மாவும் நானும் கூலாய்க்கு வந்தபோது, என் மாமியார் எங்கள் கல்யாணத்துக்குக் கட்டிய பச்சைப் பட்டில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் கைப்பை. ஏறி உட்கார்ந்தார். லீவு போட்டிருந்த திருச்செல்வம் காரை ஓட்டினார்.

ஜொகூர் பாருவில் அந்த அலுவலகத்தில் எங்களை விசாரித்த அதிகாரி ரொஹைடா என்ற மலாய்க்கார அம்மா. கத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. எங்களைத் தனித்தனியாக அழைத்துக் கேட்டார். கணவர் சாப்பாட்டில் எதை ஒதுக்குவார்? கத்தரிக்காய். தூங்கும்போது? ஃபேன் முழு வேகத்தில், போர்வையும் வேண்டும். கடைசியாகச் சண்டை போட்டது எதற்கு? எத்தனை சொல்ல என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு மறுபடியும் கல்லாகிவிட்டது.

"உன் அம்மா இந்தியாவில். மாமியார் சொன்ன அம்மா லாயாங் லாயாங்கில். உனக்கு எத்தனை அம்மா?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முறையை விளக்கினேன். கணவருக்கு அத்தை, ஆகவே எனக்குப் பெரியம்மா, ஆகவே அம்மா. சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை மாதிரி கேட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். போச்சு என்றே நினைத்தேன்.

"மாமியாரைக் கூப்பிடு."

என் மாமியார் திருச்செல்வத்தோடு உள்ளே வந்து உட்காராமல் நின்றார். அதிகாரி அடையாள அட்டையைக் கேட்டார். கைப்பையின் ஜிப்பைத் திறக்க அவருக்கு இரண்டு மூன்று முறை கை வழுக்கியது. சிவப்பு அட்டை மேசை மேல் வந்ததும் அதிகாரி குனிந்து அதைப் பார்த்தார். அதைப் பார்த்த பார்வைகள் அவர் வாழ்க்கையில் எத்தனை இருந்திருக்கும்! இவரை இழுத்துக்கொண்டு வந்தது நான்தானே.

"இவளை வீட்டை விட்டு அனுப்பியது யார்?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"நான்தான்" என்றார் என் மாமியார். அவருடைய மலாய் என் தமிழைவிட வேகம். பாதிதான் எனக்குப் புரிந்தது, மீதியைத் திருச்செல்வம் வெளியே காத்திருந்தபோது சொன்னார். ஆடி, சித்திரை, தாய்வீடு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். பிறகு மேசை மேலிருந்த அட்டையைக் காட்டிச் சொன்னது இது:

"நான் இங்கேயே பிறந்தவள். பிறந்ததைப் பார்த்த ஆளைக் கொண்டு வா, கொண்டு வா என்று என் ஆயுசு முழுக்கக் கேட்டார்கள். எனக்குச் சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு அப்படி இல்லை. இவளுக்குத் தாலி கட்டியதை நான் பார்த்தேன். என் வீட்டில் வாழ்ந்ததைப் பார்த்தேன். போகச் சொன்னதும் நான். இவளுக்குச் சாட்சி நான் இருக்கிறேன். நம்பவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள். ஆடி முடியும்வரைகூட நான் காத்திருக்கப் போவதில்லை. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன்."

அதிகாரி எழுந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, ஆண்ட்டி" என்றார். என்னையும் திருச்செல்வத்தையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் என் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. ஒரு வருஷ நீட்டிப்பு. திரும்பவும் ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார் அதிகாரி. வரட்டும், நான் எங்கேயும் போகப் போவதில்லை.

கட்டடத்துக்கு வெளியே பெஞ்சில் பெரியம்மா தூங்கி வழிந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. சாட்சி சொல்ல யாரும் வரவில்லை என்று உள்ளே ஒருவர் சொல்கிறார். சுடுதண்ணி தூக்கிக்கொண்டு ஓடியவர் இதோ வெளியே தூங்குகிறார்.

"பெரியம்மா! அத்தை பிறந்தப்ப நீங்க அங்க இருந்தீங்கதானே? அதை ஆபீசர்கிட்ட சொல்வீங்களா?"

"சொல்லாம என்னா? யாரும் என்னைக் கேக்கலையே."

நான் என் மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். "மருத்துவச்சியத்தான கேப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. "அண்ணி அப்ப சின்னப் புள்ள."

"சின்னப் புள்ளைக்குக் கண்ணு தெரியாதா?" என்றார் பெரியம்மா. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பிறப்பைப் பதிகிற பதிவிலாகா அடுத்த கட்டடம்தான். திருச்செல்வம் வாட்சைப் பார்த்து, இன்னும் மூடவில்லை என்றார். என் மாமியார் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"இன்னிக்கு வேணாம்" என்றார். "ஆடியில எதையும் புதுசா ஆரம்பிக்கக் கூடாது."

"இது புதுசா ஆரம்பிக்கிறது இல்ல, அத்தை. நீங்க பிறந்த அன்னிக்கே ஆரம்பிச்சது."

பெரியம்மா எங்களுக்கு முன்னால் நடந்து பாதி தூரம் போய்விட்டிருந்தார். என் மாமியார் கைப்பையைத் திறந்தார். இந்தத் தடவை ஜிப் வழுக்கவில்லை. சிவப்பு அட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"நீயே பேசு. நான் பேசுனா கோவம் வந்துரும்."

எனக்கும் வரும் என்பதை நான் சொல்லவில்லை. வரிசை நம்பர் எடுக்கப் போனேன்.