‘பிறகு’ என்கிற பொத்தான்

காலத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். நெட் சென்டர்காரர் விலை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்: மணிக்கு முப்பது, அரை மணிக்கு இருபது, பேரம் பேசுகிறவர்களுக்கு வாசல் அந்தப் பக்கம்.

கடையில் ஐந்து கணினிகள். ஐந்தையும் இயக்குவது லினக்ஸ், காசில்லாமல் கிடைப்பது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். தீனியாவது போட வேண்டாமா? அதையும் அவர் போடவில்லை. இணையத்தைத் திறக்கிற உலாவிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, புதுப்பிக்கலாமா என்று திரை கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’ என்று அமுக்கினார். புதுப்பித்து முடிகிறவரை வாடிக்கையாளர் சும்மா உட்கார்ந்திருப்பாரா? கடைசியில் நச்சரிப்பு தாங்காமல் அறிவிப்பையே வரவிடாமல் நிறுத்திவிட்டார். அது நடந்து மூன்று வருடம்.

அன்று மாலை நாலேகாலுக்கு ஆஸ்பத்திரி ஆயாம்மா மூச்சிரைக்க வந்தாள். பதினொரு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தர வேலைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள், ஐந்து மணி வரை. அடுத்த மாதம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

"கடைசி நேரத்துல வந்து நிக்கறியேம்மா!"

"ஒன்பது நாளா பர்மிஷன் கேட்டு இன்னிக்குத்தான் விட்டாங்கண்ணே. திட்டறத அப்புறம் திட்டிக்குங்க, மொதல்ல அடிங்க."

மளமளவென்று அடித்தார். கடைசிப் பக்கத்தில் அனுப்புகிற பொத்தானைக் காணோம். மேலே சிவப்பில் ஒரு வரி: உங்கள் உலாவி மிகப் பழையது.

"என்னண்ணே, போயிடுச்சா?"

"இரும்மா, வேற ஒண்ணு இருக்கு."

சட்டென்று திறக்கிறதே என்று அவரே பொறுக்கிப் போட்ட இன்னொரு உலாவி. அதில் படிவமே திறக்கவில்லை. மற்ற நாலு கணினியிலும் அதே கதை. அந்தத் தளம் கைபேசியை ஏற்காது. புதுப்பிக்க அமுக்கினார், உலாவிக்கு முன்னால் அதைத் தாங்குகிற மென்பொருள்களையெல்லாம் புதுப்பி என்றது திரை. மணி நாலு ஐம்பது.

"அடுத்த தெருக் கடைக்கு ஓடேன்!"

"அங்க முப்பது பேர் நிக்கறாங்கண்ணே. அதான் உங்கள நம்பி வந்தேன்."

ஐந்தடித்தது. தளம் மூடிக்கொண்டது.

"அந்த சைட்டே அப்படித்தாம்மா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "இல்லம்மா. தப்பு என்னுதுதான்."

ஆயாம்மா அழவில்லை. சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள்.

"வார்டுல தினம் பாக்கறதுதாண்ணே. வலிக்கலேன்னு புண்ணுக்குக் கட்டு மாத்தாம விட்டுடுவாங்க. கடைசியில கால எடுப்பாங்க. அவங்க புண்ணு, அவங்க கால். நீங்க பத்துப் பேருக்குப் பொதுவா ஒண்ண வச்சிருக்கீங்க. அதப் பாத்துக்காம விட்டா, போறது உங்க காலு இல்லண்ணே, அடுத்தவங்களுது."

அவள் போன பிறகும் அவர் திரையைவிட்டு நகரவில்லை. அங்கே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

புதுப்பிக்க வேண்டியவை: நானூற்றுப் பன்னிரண்டு. முடிந்தவை: ஒன்பது. மீதி: நானூற்று மூன்று.