ஒன்றரைக் கரண்டி

“ஒரே ஒரு மைசூர்பாகுதான்டி குடுத்தேன். அதுவும் தீவாளிக்கு.”

“தீவாளி போயி மூணு மாசம் ஆவுது அத்த. நேத்து தொவைக்க எடுத்தா அப்பா சட்டப் பையில எறும்பு. அது இன்னா?”

அமுதம் அடுப்படியிலிருந்து வாசலை எட்டிப் பார்த்தாள். அங்கே அவள் அண்ணன் தங்கவேலின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

செல்வகுமாரிக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்த இந்த ஆறு வருடமும் உறுவையாறு ஊர் மொத்தமும் அவளுக்கு எதிர்க்கட்சி. டீக்கடை மாரிமுத்து ‘சர்க்கரை கம்மி’ என்று கத்திவிட்டு இரண்டு கரண்டி போடுவான். கோயில் பொங்கல் என்றால் அப்பாவுக்கு மட்டும் இரண்டு தொன்னை. அம்மாவும் போன பிறகு, வேளைக்கு ஒன்றரைக் கரண்டி சோறு, மீதிக்குக் கீரை என்று நின்றவள் அவள் ஒருத்திதான். அப்பா அவளுக்கு வைத்த பெயர் ஜெயிலர்.

பந்தலில் மாரிமுத்துவின் குரல் கேட்டது. “பாவம்பா, வயிறாரத் துன்னு எத்தினி நாளாச்சோ. பொண்ணு வாயக் கட்டியே வச்சிருந்துச்சி.”

போய் அறையலாம் போலிருந்தது. ‘வேணாம் தங்கவேலு’ என்று கூடச் சேர்ந்து சொல்ல இந்தத் தெருவில் ஒரே ஒரு ஆள் இருந்திருக்கலாம்.

நேற்றுச் சாப்பிடும்போது அப்பா தட்டை நீட்டினார். “இன்னொரு கரண்டி போடும்மா.”

“கீர இருக்கு, துன்னு,” என்று சட்டியை மூடினாள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்தார். ஆம்புலன்ஸ் வில்லியனூரைத் தாண்டவில்லை.

“வாய்க்கரிசி போடறவங்க வாங்க!”

வரிசையாக வந்து முறத்திலிருந்து அள்ளிப் போட்டார்கள். மாரிமுத்து கை நிறையப் போட்டான். அரிசி அப்பாவின் கன்னத்தில் வழிந்து துண்டில் சேர்ந்தது. யாரும் அளக்கவில்லை.

செல்வகுமாரி நாலைந்து மணிகளை விரல்நுனியில் எடுத்து அவர் உதட்டில் வைத்தாள். அதற்குமேல் கை போகவில்லை.

அத்தை முறத்தை அவள் பக்கம் நீட்டினாள்.

“இன்னாடி, இவ்ளோதானா? மூணு வாட்டி போடணும். நல்லா அள்ளி, இன்னொரு பிடி போடும்மா.”