முப்பத்திரண்டாவது ஆள்

மாலுமிகள் சங்க அலுவலகத்தின் மாடியில் அந்தப் பழைய மாலுமி நான்காவது முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார். கீழே வாசலில் கல்தச்சர் உளியடிக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. போரில் மூழ்கிய சரக்குக் கப்பலின் ஆட்களுக்கு நினைவுக்கல். பெயர்களில் திருத்தம் சொல்ல இன்றுதான் கடைசி நாள்.

"உக்காருங்க மாமா. கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் அவருடைய தம்பி மனைவி. எதற்காகக் கூட்டிவந்தார் என்று அவளிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.

எழுத்தர் பட்டியலை நகர்த்தினார். முப்பத்திரண்டு பெயர்கள். ஒன்றின் மேல் சிவப்புக் கோடு. அது அவருடைய பெயர்.

"கப்பலைத் தவறவிட்ட ஆள் நீங்கதானா? ஆயுசு கெட்டி உங்களுக்கு. கல்லுல முப்பத்தொண்ணுதான்."

"முப்பத்திரண்டு," என்றார் அவர். "என் மாலுமிப் புத்தகத்தைக் காட்டி, என் பேர்ல என் தம்பி ஏறினான்."

எழுத்தர் பட்டியலை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்நாளில் துறைமுகத்தில் அது நடக்காத காரியமல்ல. மாலுமியின் அடையாளச் சான்றே அந்தப் புத்தகம்தான்; அதில் ஒட்டிய படம் உப்புநீர் பட்டு மங்கியிருந்தால், யார் நீட்டினாலும் முத்திரை விழும். தெரிந்தால் சிறை. அவளிடம் வெளியூரில் இரண்டு மாத வேலை என்று அண்ணனும் தம்பியுமாகச் சொல்லிவைத்தார்கள். கப்பல் மூழ்கிய பிறகும் அவர் உயிரோடு நடமாடியதைப் பார்த்து அலுவலகம் சிவப்புக் கோடு போட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. தம்பி எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனான். ஊர் தானாக ஒரு கதை கட்டியது: எவளோடோ ஓடிவிட்டான். முப்பது வருஷமாக அதுதான் கதை.

"ஏன் அவரை அனுப்புனீங்க?" எழுத்தர் கேட்டார்.

"காய்ச்சல்." ஜன்னல்வரை போய்த் திரும்பிவந்தார். "காய்ச்சல் இல்ல. பயம். அதுக்கு முந்தின கப்பல் உடைஞ்சு ரெண்டு நாள் படகுல கிடந்தேன். மறுபடி ஏறக் கால் வரல. அவன் சிரிச்சுக்கிட்டே புத்தகத்தை வாங்கிக்கிட்டான்."

அவள் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெருவுல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சப்ப, நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க, மாமா?"

"நின்னேன்."

"ஒரு வார்த்தை. என் காதுல மட்டும் சொல்லியிருந்தாப் போதுமே."

சிறைப் பயம் ஐந்தாறு வருஷத்தில் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்தார். "ரெண்டு கையெழுத்து வேணும். நடந்ததைச் சொன்னவர் ஒண்ணு, நெருங்கின உறவு ஒண்ணு."

அவர் போட்டார். எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. அவள் பேனாவை வாங்கி, உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று நிறுத்தி எழுதினாள். அவருக்காகக் காத்திராமல் படியிறங்கிப் போனாள்.

"இப்பவாவது உக்காருங்க," என்றார் எழுத்தர்.

அவர் உட்காரவில்லை. ஜன்னலுக்குக் கீழே அவள் கல்தச்சரிடம் ஏதோ கேட்டாள். கல்தச்சர் உளியால் கல்லின் அடியோரத்தைக் காட்டினார். அவள் குனிந்து, கடைசிப் பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை ஒரு முறை சாணால் அளந்தாள். பிறகு, சந்தேகம் தீராதவள்போல, இன்னொரு முறை அளந்தாள்.