முழுக் கட்டடத்துக்கும் ஒரே லைன்

…இந்த இன்டர்நெட் கம்பெனிக்காரனுக்கு டை கட்டத் தெரியும் என்பதைத் தவிர இவனைப் பெற்றவர்கள் வேறு எதற்குப் பெருமைப்பட்டிருக்க முடியும், அரை மணி நேரமாக என் சோபாவின் நுனியில் தொற்றிக்கொண்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்புகிறான், தன் பக்கம் திருப்புகிறான், "உங்கள மாதிரி அபார்ட்மெண்ட் ஓனர்களுக்குன்னே மூணு திட்டம் வச்சிருக்கோம் சார்" என்கிறான், ஓனர்களுக்கென்றே! ஏதோ ஒரே நோய் கண்ட கூட்டம் போல. முதல் திட்டத்தில் ஒவ்வொரு குடித்தனக்காரரும் தனக்குப் பிடித்த இன்டர்நெட் கம்பெனியைக் கூட்டி வந்து ஒயர் இழுத்துக்கொள்வார், பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு துளை, என் சுவர் சல்லடையாகும். இரண்டாவதில் புது ஒயரைப் பொதுவாக ஒரே தடவை இழுத்துவிடுவார்கள், கம்பெனியை மட்டும் அவரவர் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவது, பத்து வருடத்துக்கு இவன் கம்பெனி மட்டும்தான், வேறு எவனும் வாசற்படி ஏற முடியாது. மூன்றாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறான், வரன் பேச வந்த தரகன் மாதிரி. எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, முகத்தில் காட்டிக்கொண்டால் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவான், அதனால் கொட்டாவி விடுகிறேன்… ஒரே ஆள், ஒரே ஒயர், ஒரே கையெழுத்து, அப்புறம் எவளும் படியில் வழிமறித்து மனு கொடுக்க முடியாது.

எவளும் என்றால் மூன்றாம் மாடி டீச்சர்தான், வேறு யார். கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், அதற்கு ஒரு தலை அலங்காரம், காதில் ஒரு கருவி, வானூர்தி ஓட்டப்போகிறவள் போல. லைன் அறுந்து அறுந்து ஆறு பிள்ளைகள் நின்றுவிட்டார்களாம். "எனக்கு ஒத்துவர்ற கம்பெனிய நானே போட்டுக்கறேன் சார், அத மட்டும் தடுக்காதீங்க, இல்லன்னா வீட்டக் காலி பண்றதத் தவிர வழியில்ல" என்றாள் நேற்று. காலி செய்யட்டுமே, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். கட்டடம் கட்டிய நாளில் அப்பா போட்ட லைன் இது, அதற்குமேல் ஒரு ஆணி அடிக்க நான் விட்டதில்லை. ஆனால் லைன் மோசம் என்பது எனக்கும் தெரியும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தம்பி வீடியோவில் வருகிறானே, பத்து நிமிடம் பேசினால் ஒரு தடவையாவது சிலையாகிவிடுகிறான்… அதற்காகத்தான் இந்த டைக்காரனையே வரச் சொன்னேன், டீச்சருக்காக இல்லை, அது வேறு விஷயம்.

டைக்காரனோடு வந்த ஒயர்க்காரம்மா ஏணியிலிருந்து இறங்கி, கையிலிருந்த சின்னப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்கு நல்லாவே வருது சார், ஒரு குறையும் இல்ல, மேல போகப் போகத்தான் செத்துப்போகுது" என்றாள். பெட்டியை வைத்துக்கொண்டு எனக்கே பாடம்! நல்லா வருகிறதாம், அப்புறம் என் தம்பி ஏன் நிற்கிறான் என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள், "அது தெரியல சார், இங்கேர்ந்து குறை இல்ல." தெரியாதாம். தெரியாததைத் தைரியமாகச் சொல்ல இந்தக் காலத்தில் சம்பளம் தருகிறார்கள்.

கட்டடத்தில் பாதி தம்பியுடையது, அப்பா அப்படி எழுதிவைத்துவிட்டார், அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்து செல்லாது. அதனால் அங்கேயே கூப்பிட்டேன், இரண்டு பேரும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். வந்தான், கடல் தாண்டிப் போயும் அதே முகம், கண்ணாடி மட்டும் புதிது, பின்னால் ஒரு சாப்பாட்டு மேஜை. மூன்றாவதுதான் என்று முடித்துச் சொன்னேன், ஆமாம் போடுவான் என்று நினைத்தேன், பிறந்ததிலிருந்து அது ஒன்றுதான் அவனுக்கு ஒழுங்காக வரும். "அண்ணா, அந்த டீச்சர் எனக்கும் எழுதியிருந்தாங்க" என்றான், "ரெண்டாவதுதான் நல்லதுன்னு தோணுது… அவங்கவங்க இஷ்டத்துக்கு விட்டுடலாமே." எழுதியிருந்தாளா! இவனிடம்! "உனக்கு என்னடா தெரியும், நீ எப்பவுமே…" என்று நான் ஆரம்பித்ததும் நின்றுவிட்டான், வாய் பாதி திறந்து, கண் ஒரு பக்கமாக, அசைவே இல்லை. எனக்கு ஒரு வெற்றி, திரும்பி ஒயர்க்காரம்மாவிடம், "பாத்தியா, நல்லா வருதுன்னியே" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது, வளையல் போட்ட கை, தம்பி பெண்டாட்டியினுடையது. காபிக் கோப்பையை மேஜையில் வைக்கப் போய், ஒரு நொடி தயங்கி, வளையல் சத்தம் வராமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி வைத்துவிட்டுப் போனது. கோப்பையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தம்பி மட்டும் அசையவில்லை. டைக்காரன் இருமினான், "சில சமயம் சாப்ட்வேர்ல கூட அப்படி…" என்றான், ஒயர்க்காரம்மா மெதுவாக, "விடுங்க சார்" என்றாள், அவனிடமா என்னிடமா தெரியவில்லை.

எத்தனை பழக்கம் அந்தக் கைக்கு… வளையலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடுமா? கத்தியிருக்கலாம், டேய், நடிக்கிறியா என்று. தொண்டைவரை வந்தது. அவன் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது, எச்சில் விழுங்குகிறான், ஐம்பத்திரண்டு வயது ஆள், மூச்சைக்கூட அளந்து விடுகிறான். "சரிடா" என்றேன், "லைன் சரியில்ல போல. ரெண்டாவதே இருக்கட்டும். நீ சொன்னதுதான்." இப்போது அவன் அசைந்தால் மாட்டிக்கொள்வான், அசையாவிட்டால் பதில் சொல்ல முடியாது, மடையன், தானே தைத்த கோணிக்குள் தானே உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடிக்குப் பின்னால் இமை ஒரு தடவை மூடித் திறந்தது.

டைக்காரன், "அப்போ ரெண்டாவதுன்னே எழுதிக்கலாங்களா சார்?" என்று கேட்கிறான், நான் தலையாட்டினேனா இல்லையா, இணைப்பைத் துண்டிக்க விரல் போகவில்லை. அவன் நின்றுபோனால் நானும் உடனே துண்டிப்பதில்லையே, இத்தனை வருடமாக, ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் அவன் முகத்தைப் பார்த்தபடி என் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேனே, கேட்காது என்ற தைரியத்தில், இவனுக்கெல்லாம் எதற்குப் பாதி வீடு, அம்மா சாகும்போதும் இவன் வரவில்லை, வந்திருந்தாலும் என்ன பிரயோஜனம், மண்டு, மண்டு என்று… அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம், அவன்…