சிவப்பு நம்பர் போட்ட வீடு

நாற்பத்தொன்பதாம் வருஷத்திலிருந்து அல்சூர் ஆம்ப்ரோஸ் எடுத்த படங்களில் உயிருள்ள மனிதர்களின் கண்கள் எல்லாம் மூடியே இருந்தன. கல்யாண மாப்பிள்ளை முழித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் படத்தில் தூங்கினான். காரணம் தெருவுக்கே தெரியும். வெள்ளைக்கார சோல்ஜர்கள் கப்பலேறிய பிறகு அவருடைய ஸ்டுடியோவுக்கு மிஞ்சியது பிணப்படம்தான். சவப்பெட்டியைச் சற்றே சாய்த்து, சுற்றிலும் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்து, வரமுடியாத சொந்தங்களுக்கு அனுப்புவது அங்கே கிறிஸ்தவர்களின் வழக்கம். டைபாய்டில் ஒன்பது வயதில் போன ஒரே மகள் ஜோசஃபினையும் ஆம்ப்ரோஸ் அப்படித்தான் எடுத்தார். ஊரையெல்லாம் படம் பிடித்தவர், அவள் உயிரோடு இருந்தபோது ஒன்றுகூட எடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியதுதான். அவள் போன மறுவாரமே படங்களில் கண்கள் மூடத் தொடங்கின. "பொணத்தையே புடிச்சுப் புடிச்சு உன் காமிராப் பொட்டிக்கும் பொணக்களை வந்துடுச்சு அண்ணே," என்றாள் எதிர்வீட்டு ஜகதாம்பாள்.

மனைவி பிரிஜெட் அவரைக் காலையில் வெளியே துரத்தினாள். "வூட்லயே குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிக்கும். காமிராவை எடுத்துக்கினு நடந்துட்டு வாங்க." நடந்தார். ஏரிக்கரையிலிருந்து நீலசந்திரா வரை பழைய வீடுகள் இடிபட்டுக்கொண்டிருந்தன. இடிப்பதற்காகச் சுவரில் சிவப்பு நம்பர் போட்ட வீட்டை எடுத்தால், அங்கே இறந்தவர்கள் படத்தில் வாசலில் வந்து நின்றார்கள், கண்களை நன்றாகத் திறந்துகொண்டு. நம்பர் போடாத வீடுகளில் வெறும் கதவுதான் பதிந்தது. செத்துக் கிடந்த கைக்கு உயிர் வந்தது. பன்னிரண்டு வருஷம் விடியற்காலை தவறாமல் நடந்தார். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு நல்ல படங்களை அவர் அதற்கு முன் எடுத்ததே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, ஜோசஃபின் இறந்த தன் வாடகை வீட்டையும் எடுத்தார். கதவு மட்டுமே பதிந்தது.

அறுபத்தொன்றில் ரோடு அகலமாக்க அந்த வீட்டுக்கும் நம்பர் போட்டார்கள். திங்கட்கிழமை இடிப்பு. தெருவே அழுதது; ஆம்ப்ரோஸ் நம்பருக்குப் பெயிண்ட் அடித்தவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மனுஷனா இவன் என்று ஏசினார்கள். வியாழன் காலை படம் எடுத்துக் கழுவிப் பார்த்தார். வாசலில் ஜோசஃபின் நின்றாள், கண்ணைத் திறந்து. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிரிஜெட்டும் நின்றாள். படம் எடுக்கும்போது பிரிஜெட் அவருக்குப் பின்னால் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆம்ப்ரோஸ் ஈரப்படத்தை அவளிடம் நீட்டினார். "எழுந்திரு பிரிஜெட். இப்பவே நீலசந்திராவுல பார்த்து வச்ச வூட்டுக்குப் போயிடலாம். இந்த வூட்ல இல்லேன்னா ஒண்ணும் ஆவாது."

அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "பன்னெண்டு வருஷமா கொழந்தை தனியா நிக்குது. நீங்க போங்க, நான் வரலே," என்றாள். சாக்கைப் பிரித்துச் சோற்றுப் பானையை வெளியே எடுத்து வைத்தாள். அவரும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவள் எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமை கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். திங்களன்று கடப்பாரையோடு ஆட்கள் வந்தபோது கதவைத் திறந்துவிட்டவர் ஆம்ப்ரோஸ்தான். உள்ளே ரெண்டு பேர் இருக்காங்க, பார்த்து இடிங்க என்றார். ஆட்களும் சரி என்று தலையாட்டி, மெதுவாகவே இடித்தார்கள்.